ஐந்து கோல்களும் ஓர் ஐயமும்

பருவத்தின் முதல் ஆட்டத்தில் தன் அணி வென்றுவிட்டால் கோப்பையே கைக்கு வந்துவிட்டதாகத் துள்ளும் பிள்ளை உங்கள் இல்லத்திலும் இருக்கக்கூடும். 2021 ஆகஸ்ட் 14 அன்று மாலை எங்கள் இல்லத்தில் நிகழ்ந்தது அதுவே.

மான்செஸ்டர் யுனைடெட் அணி, ரசிகர்கள் நிரம்பிய தன் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் லீட்ஸ் அணியை 5-1 என வீழ்த்தியது. புரூனோ பெர்னாண்டஸ் மூன்று கோல்கள் அடித்தார். நான்கு கோல்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தவர் பால் போக்பா. லீட்ஸ் ஒரு கோல் அடித்துச் சமன் செய்த பின்னர், இருபது நிமிடங்களுக்குள் நான்கு கோல்கள்! "வாப்பா, இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்!" என்று மகன் குதித்தான். நானும் அவ்வணியின் பற்றாளனே. அவனுக்கு அந்தப் பற்றை ஊட்டியவனும் நானே. ஆயினும், "கொஞ்சம் பொறு" என்றேன். அவன் முகம் வாடிற்று.

என் ஐயத்துக்குக் காரணம் இருந்தது. அப்போது லீட்ஸ் பயிற்சியாளராக இருந்த மார்செலோ பியெல்சா, மைதானம் முழுவதும் ஆளுக்கோர் ஆளாக எதிரணியினரைத் துரத்தச் செய்பவர். ஒருவனைக் கடந்துவிட்டால் பின்னே வயல்வெளிபோல் இடம் திறந்து கிடக்கும். விரைந்தோடும் யுனைடெட் வீரர்களுக்கு அது விருந்தல்லவா? 2020 டிசம்பரில் இதே மைதானத்தில் இதே லீட்ஸை 6-2 என வென்றார்கள். அந்தப் பருவத்தில் கிடைத்தது இரண்டாம் இடமே. தன் கோல் எல்லையில் கூட்டமாக நின்று தடுக்கும் அணிகளிடம் என்ன செய்வார்கள் என்பதே என் கேள்வி. நடுக்களத்தில் நின்று தடுப்பதற்கென எவரையும் அந்தக் கோடையில் வாங்கவில்லை. பெருந்தொகை கொடுத்து வாங்கப்பட்டவர்கள் சாஞ்சோவும் வரானும். பின்னர் ரொனால்டோவும் வந்து சேர்ந்தார். வாசற்கதவு இல்லாத வீட்டுக்குச் சரவிளக்கு வாங்கி வந்தால் எங்கள் உம்மா என்ன சொல்லியிருப்பார்களோ!

அடுத்த ஆட்டத்திலேயே சவுத்தாம்ப்டனுடன் 1-1. அக்டோபர் 24 அன்று சொந்த மைதானத்தில் லிவர்பூலிடம் 0-5. நவம்பரில் வாட்ஃபோர்டிடம் 1-4 எனத் தோற்ற மறுநாள் பயிற்சியாளர் சோல்ஷேர் நீக்கப்பட்டார். பருவ முடிவில் ஆறாம் இடம், 58 புள்ளிகள். அடித்த கோல்கள் 57, வாங்கியவையும் 57.

லிவர்பூல் ஆட்டத்தின் இடைவேளைக்குள்ளேயே நான்கு கோல்கள் விழுந்திருந்தன. மகன் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே சென்றுவிட்டான். சொன்னது பலித்தது என்ற எண்ணம் எனக்குச் சிறிதும் இனிக்கவில்லை. அந்த ஆகஸ்ட் மாலையில் ஒரு மணி நேரமேனும் அவனோடு சேர்ந்து களித்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. நாட்காட்டியில் 14ஆம் தேதிக் கட்டத்துக்குள் "5-1" என்று எழுதி வைத்திருந்தான். அந்தத் தாளைக் கிழிக்க ஆண்டு இறுதிவரை எவரையும் அவன் விடவில்லை.