இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம்: கோரிக்கை மனு

அனுப்புநர்
நிர்வாகிகள்,
பெற்றோர் சங்கம்,
திருப்பூர்.

பெறுநர்
மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்),
திருப்பூர்.

பொருள்: தனியார் பள்ளிகளில் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளின் பாடச்சுமை, வீட்டுப்பாடம் – விதிகளை நடைமுறைப்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் சங்கத்தில் பெரும்பாலோர் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டு மணிக்குத்தான் வெளியே வருகிறோம். வீடு சேரும்போது பிள்ளை நோட்டின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கும். எழுப்பி உட்கார வைத்து மீதியை எழுத வைக்கிறோம். எழுதாமல் போனால் மறுநாள் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற பயம் அதற்கு. ஏழு வயது, இரண்டாம் வகுப்பு.

நாங்கள் புதிய சட்டம் கேட்கவில்லை. 1, 2 வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது, மொழியும் கணக்கும் தவிர வேறு பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன் 29.05.2018 அன்று உத்தரவிட்டார். ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பை கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கூடாது என்கிறது. 3 முதல் 5 வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். நாளுக்கு அல்ல, வாரத்துக்கு. 1, 2 வகுப்புப் பிள்ளையின் பை 2.2 கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் அதில் இருக்கிறது.

நடப்பது வேறு. 'வீட்டுப்பாடம்' என்ற சொல்லை மட்டும் டைரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். 'ரிவிஷன்', 'ஆக்டிவிட்டி', 'ப்ராஜெக்ட்' என்ற பெயர்களில் மாலையில் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டாம் வகுப்புக்கு வந்தது இது: நான்கு கோடு நோட்டில் கர்சிவ் 2 பக்கம், தமிழ் 2 பக்கம், மூன்றாம் வாய்ப்பாடு 5 முறை, ஜி.கே. புத்தகத்தில் 10 கேள்வி மனப்பாடம், தெர்மாகோலில் ஒரு வீடு. அந்த வீட்டை எந்தக் குழந்தை செய்யும்? ஸ்டேஷனரி கடையில் காசு கொடுத்து வாங்கி அனுப்புகிறோம். அதற்கு மதிப்பெண்ணும் விழுகிறது.

எழுத வேண்டியது ஆங்கிலத்தில். தமிழ் வழியில் எட்டாவது வரை படித்த தாயால் சொல்லித்தர முடியவில்லை. அதனால் பள்ளி விட்டதும் பிள்ளை டியூஷனுக்குப் போகிறது. வாங்கும் கூலியில் ஒரு பங்கு, வேண்டாம் என்று விதி சொல்லும் ஒன்றுக்காகப் போகிறது. அதே தெருவில் அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளை, 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தன் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்பட்ட பயிற்சியை வகுப்பறையிலேயே முடிக்கிறது. இது எங்கள் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டாமா?

ஆசிரியர்களைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அத்தனை நோட்டுகளையும் திருத்துவது அவர்களுக்கும் பாரம்தான். எங்களிடமும் தவறு உண்டு. நோட்டு நிறைய எழுதினால்தான் நல்ல பள்ளி என்று நினைத்து, வீட்டுப்பாடம் கொடுங்கள் என்று கேட்ட பெற்றோர் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆகவே பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்புவதோடு நில்லாமல், தங்கள் அலுவலகமே பெற்றோருக்கு விளக்கக் கூட்டம் நடத்த வேண்டும். கம்பெனிகளுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால் எல்லோரும் வருவோம்.

சுற்றறிக்கையில், எந்தப் பெயரிலும் 1, 2 வகுப்புகளுக்கு வீட்டில் செய்யும் எழுத்து வேலை தரக் கூடாது, வாட்ஸ்அப் வழியாகவும் தரக் கூடாது என்று வெளிப்படையாக எழுத வேண்டும். 3 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு, எந்த நாளில் எந்தப் பாடம் என்ற வார அட்டவணையை வகுப்பாசிரியர் ஒருவரே முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு ஆசிரியரும் 'அரை மணி நேர வேலைதான்' என்று தனித்தனியே தருவதால்தான் இரவு பத்து மணி ஆகிறது.

சமச்சீர்ப் பாடநூல்களுக்கு மேல் எந்தெந்தப் புத்தகம் வாங்கச் சொல்கிறார்கள் என்ற பட்டியல் பள்ளி அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். பை எடை பார்க்க ஒரு தராசு வேண்டும். முன்னறிவிப்பின்றி ஆய்வுக்கு வரும் அலுவலர், பதிவேட்டை மட்டும் பார்க்காமல் பிள்ளைகளின் நோட்டில் உள்ள தேதிகளையும் பார்க்க வேண்டும். எழுதாத குழந்தையை வெளியே நிறுத்துவது கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு தடை செய்த தண்டனை. இதைச் செய்யும் பள்ளி மீது நடவடிக்கை வேண்டும்.

வீட்டுப்பாடத்துக்குப் பதில் என்ன என்று பள்ளிகள் கேட்கின்றன. அதே 2020 கொள்கை வழி சொல்கிறது: நேற்று மாலை என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு, குழந்தையை வகுப்பில் பேச வைக்கலாம். எங்கள் பிள்ளைகளிடம் இப்போது கேட்டால் டியூஷனுக்குப் போனேன் என்று மட்டுமே சொல்லும்.

அடுத்த பருவம் தொடங்குவதற்குள் சுற்றறிக்கை வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம். எங்களை நேரில் அழைத்துப் பேச ஒரு நாள் ஒதுக்கித் தாருங்கள். வேலை நாளாக இருந்தாலும் அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்