லாட்ஜ் பையனும் நம் பிள்ளைதான்

குற்றாலத்திலும் கொடைக்கானலிலும் தேக்கடியிலும் அறை பெருக்கி, படுக்கை விரித்து, எச்சில் இலை எடுத்துப் பிழைக்கும் வாலிபர்கள் யார்? ராஜபாளையத்து மில் தொழிலாளி வீட்டிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் விவசாயக் கூலி வீட்டிலும் பிறந்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவில் நாடு பூட்டப்பட்டது. இடையில் கிடைத்தது 4 மணி நேரம். கொள்ளைநோயைத் தடுக்க ஊரை அடைக்க வேண்டியிருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. அடைத்தவர்கள் ஏழை வீட்டு அடுப்பை நினைத்தார்களா என்றுதான் கேட்கிறோம். "கூப்பிடும்போது வா" என்று பையன்களை அனுப்பினார்கள். கணக்குத் தீர்த்தது அவ்வளவுதான்! பதிவேட்டில் பெயர் இல்லாதவனுக்கு நோட்டீஸ் ஏது, நஷ்டஈடு ஏது?

அருவியில் தண்ணீர் கொட்டியது, குளிக்க ஆளில்லை. ஆண்டாள் கோயில் பெரிய தேர் 2020, 2021 இரண்டு ஆடிப்பூரத்திலும் வீதிக்கு வரவில்லை. பால்கோவாக் கடைப் பையன், பூக்கட்டும் பெண், ஆட்டோத் தோழன் எல்லோருக்கும் ஒரே கதி. 2022-ல்தான் தேர் ஓடியது.

மத்திய சுற்றுலா அமைச்சகம் செய்வித்த ஆய்வே கூறுகிறது: 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை இத்தொழிலில் பறிபோன வேலைகள் 1 கோடியே 45 லட்சம். அடுத்த மூன்று மாதங்களில் 52 லட்சம். அதற்கடுத்த மூன்று மாதங்களில் 18 லட்சம்.

சர்க்கார் என்ன செய்தது? 2021 ஜூனில் சுற்றுலா நிறுவனத்துக்கு 10 லட்சம், பதிவுபெற்ற வழிகாட்டிக்கு 1 லட்சம் ரூபாய் வரை கடன் என்றார் நிதியமைச்சர். 2022 பட்ஜெட்டில் ஓட்டல் தொழிலுக்கென்றே மேலும் 50,000 கோடி ரூபாய்க்குக் கடன் உத்தரவாதம்! முதலாளியின் கடனுக்கு சர்க்கார் ஜாமீன் நின்றது. அறை பெருக்கியவனின் சம்பளத்துக்கு ஜாமீன் நிற்க ஆளில்லை. மாநில சர்க்கார் 2021-ல் அரிசி அட்டைக்கு 4,000 ரூபாய் கொடுத்தது. அது குடும்பத்துக்கு வந்த உதவி. இழந்த கூலிக்கு ஈடல்ல.

ஊர் திரும்பிய பையன்கள் எங்கே போவார்கள்? மில் வாசலுக்குத்தான் வந்தார்கள். காண்டிராக்டருக்குக் கொண்டாட்டம். "வெளியே பத்துப் பேர் நிற்கிறான்" என்று உள்ளே இருப்பவனை மிரட்டலாம் அல்லவா? நம் தோழர்கள் சிலரும் அப்பையன்களைக் கண்டு முகம் சுளித்தார்கள். இது தவறு என்று அன்றே சொன்னோம். கூலியை அமுக்கியவன் காண்டிராக்டர். பசியோடு வந்து நின்ற பிள்ளை அல்ல.

இன்று கூட்டம் திரும்பிவிட்டது. சீசனில் அறை வாடகை ஏறுகிறது. மூவர் பார்த்த வேலையை இருவர் பார்க்கிறோம் என்கிறார்கள் பையன்கள். 24 மாதத்தில் 480 நாள் உழைத்தால் நிரந்தரம் என்று 1981-ம் ஆண்டுத் தமிழகச் சட்டம் இருக்கிறது. ஆனால் 50 பேருக்குக் குறைந்த இடத்துக்கும் சீசன் தொழிலுக்கும் அது செல்லாது. லாட்ஜ் பையன் நழுவி விழுவது இந்த ஓட்டையில்தான். இதை அடைக்க வேண்டும். ஊரடங்கு வந்தால் பாதிச் சம்பளமாவது சட்டப்படி கிடைக்க வேண்டும். இவை நம் மில் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலிலும் ஏற வேண்டும்.

அடுத்த சீசனுக்குக் குற்றாலம் புறப்படும் பையனிடம் சொல்லி அனுப்புங்கள்: பதிவேட்டில் பெயர் ஏறியதா என்று முதல் நாளே கேட்கட்டும். கேட்டதற்காக வெளியே தள்ளினால், அவனுக்காக வழக்குப் பேச நம் சங்கத் தோழர்கள் பஸ் ஏற வேண்டும்.