தங்கம் வாங்கிய பெண்களும் பட்டியல் எழுதிய கைகளும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சந்தோஷமான விஷயமும் இல்லை. ஓய்வாக இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

ஒலிம்பிக், ஆசியப் போட்டி என்று எது வந்தாலும் நம் குழுக்களில் ஒரு வாசகம் தவறாமல் சுற்றும். “விளையாட்டு எல்லோரையும் ஒன்றாக்கும். நாட்டுக்காகப் பதக்கம் வாங்கிவிட்டால் சாதி, மதம் எதையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.” கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது பாதி உண்மைதான் என்பது என் கருத்து. மீதிப் பாதியைச் சொல்ல, நெதர்லாந்து நாட்டின் ஓர் அணியைப் பற்றி எழுதுகிறேன்.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் என்றதும் நம் பிள்ளைகள் சொல்லும் பதில் ஹாக்கி. ஜெய்பால் சிங், தியான் சந்த் பெயர்கள் உங்களுக்கு நினைவிருக்கும். இந்தியா முதல் முறையாக ஹாக்கி தங்கம் வென்றது அங்கேதான். இறுதிப் போட்டியில் 3-0 என்று நாம் தோற்கடித்தது போட்டியை நடத்திய நெதர்லாந்தைத்தான். அது மே மாதம். இரண்டரை மாதம் கழித்து, ஆகஸ்டில், அதே நெதர்லாந்தின் பெண்கள் ஒரு தங்கம் வென்றார்கள். அதைப் பற்றி நாம் படித்திருக்க மாட்டோம்.

ஒலிம்பிக்கில் பெண்கள் தடகளத்திலும் ஜிம்னாஸ்டிக்ஸிலும் பதக்கத்துக்காகப் போட்டியிட்டது அந்த ஆண்டுதான் முதல் முறை. நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபெர்தானுக்கே பெண்கள் போட்டியிடுவதில் விருப்பம் கிடையாது. ஜிம்னாஸ்டிக்ஸில் தனிநபர் பதக்கம் வைக்கவில்லை. அணிக்கு மட்டும்தான். ஐந்து நாடுகள் வந்திருந்தன. இத்தாலி அணியில் பதினொரு வயதுச் சிறுமிகூட இருந்தாள். முடிவு வந்தபோது நெதர்லாந்து 316.75 புள்ளிகள், இத்தாலி 289, பிரிட்டன் 258.25. முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையே 27.75 புள்ளி வித்தியாசம். சொந்த ஊர் மைதானம், சொந்த மக்கள் கூட்டம். எப்படிக் கைதட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த அணியில் ஐந்து பேர் யூதப் பெண்கள். ஸ்டெல்லா அக்ஸ்டெரிப்பே, ஹெலெனா நார்ட்ஹைம், அன்னா போலாக், யூடிக் சிமோன்ஸ், எல்கா டெ லெவி. பயிற்சியாளர் கெரிட் கிளேரகோப்பரும் யூதர். ஆம்ஸ்டர்டாமில் வைரத்துக்குப் பட்டை தீட்டும் தொழில் பார்த்தவர். அன்றைக்கு யாரும் அவர்களைத் தனியாக எண்ணவில்லை. பன்னிரண்டு பேரும் டச்சுப் பெண்கள், அவ்வளவுதான். மேலே சொன்ன வாசகத்தின் உண்மையான பாதி இது. அதை நான் மறுக்கவில்லை.

இனி மீதிப் பாதி.

1940 மே 10 அன்று ஜெர்மனி நெதர்லாந்துக்குள் நுழைந்தது. ஐந்தே நாளில் அந்த நாடு சரணடைந்தது. பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் துப்பாக்கியோடு யாரும் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. முதலில் வந்தது ஒரு படிவம்.

1940 அக்டோபரில் அரசு ஊழியர்கள் எல்லோரிடமும் ஒரு உறுதிமொழித் தாள் கொடுக்கப்பட்டது. “நான் யூதன் இல்லை” என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். யூதராக இருந்தால் அதற்கு வேறு தாள். ஆசிரியர்களுக்கும் வந்தது. ஏறக்குறைய எல்லோரும் கையெழுத்திட்டார்கள். அடுத்த மாதமே யூத ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். உச்ச நீதிமன்றத் தலைவர் வரை அதில் அடக்கம்.

1941 தொடக்கத்தில் யூதர்கள் அனைவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு. நெதர்லாந்தின் மக்கள் பதிவேடு மிக நேர்த்தியானது. போருக்கு முன்பிருந்தே ஒவ்வொருவரின் முகவரியும் மதமும் அட்டையில் இருந்தன. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், நல்ல நிர்வாகத்துக்காக எழுதி வைத்தது அது. வந்தவர்களுக்குத் தேட வேண்டிய வேலையே மிச்சமாகிவிட்டது.

1941 செப்டம்பரில் பூங்கா, நூலகம், நீச்சல் குளம், விளையாட்டுக் கூடம் எதற்குள்ளும் யூதர்கள் நுழையக் கூடாது என்று தடை. நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்களுக்கும் அதே தடைதான். யூதப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். 1942 மே மாதம் உடையில் மஞ்சள் நட்சத்திரம். ஜூலையில் ரயில்கள் கிளம்பத் தொடங்கின.

இந்தப் பெண்களுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சுருக்கமாகவே எழுதுகிறேன்.

யூடிக் சிமோன்ஸும் அவர் கணவரும் யூட்ரெக்ட் நகரத்தில் யூதக் குழந்தைகளின் அநாதை இல்லம் ஒன்றை நடத்திவந்தார்கள். ஒளிந்துகொள்ள வாய்ப்பு வந்தும் அந்தப் பிள்ளைகளை விட்டுப் போக மறுத்தார்கள். 1943 மார்ச் 20 அன்று சோபிபோர் முகாமில் கொல்லப்பட்டார்கள். கூடவே அவர்களின் ஐந்து வயது மகள் சோன்யா, மூன்று வயது மகன் லியோன்.

ஹெலெனா நார்ட்ஹைம், கணவர், பத்து வயது மகள் ரெபெக்கா மூவரும் 1943 ஜூலை 2 அன்று சோபிபோரில் கொல்லப்பட்டார்கள். அதே நாளில், அதே இடத்தில் பயிற்சியாளர் கிளேரகோப்பரும் அவர் மனைவியும் பதினான்கு வயது மகளும்.

அன்னா போலாக், ஆறு வயது மகள் ஈவாவுடன் ஜூலை 23 அன்று அதே முகாமில். ஸ்டெல்லா அக்ஸ்டெரிப்பே, ஆறு வயது மகளோடும் இரண்டு வயது மகனோடும் செப்டம்பர் 17 அன்று ஆஷ்விட்ஸ் முகாமில். அன்னாவின் கணவரும் ஸ்டெல்லாவின் கணவரும் மறு ஆண்டு ஆஷ்விட்ஸில்.

ஐவரில் பிழைத்தவர் எல்கா டெ லெவி ஒருவர்தான். 1979 வரை வாழ்ந்தார்.

சோபிபோருக்கு நெதர்லாந்திலிருந்து 19 ரயில்கள் போயின. 34,313 பேர் ஏற்றப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் 18 பேர். முப்பத்து நான்காயிரத்தில் பதினெட்டு. நாட்டில் சுமார் 1,40,000 யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் 1,02,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். நான்கில் மூன்று பங்கு. பக்கத்து நாடான பெல்ஜியத்தில் இது நூற்றுக்கு 40 அளவில், பிரான்சில் 25 அளவில்.

ஏன் இந்த வித்தியாசம் என்று வரலாற்று அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். சமவெளி நாடு, மலையோ பெரிய காடோ கிடையாது, தப்பி ஓட எல்லை அருகில் இல்லை, ஆட்சியும் நேரடியாக நாஜிகளின் கையில் இருந்தது. இவையெல்லாம் உண்மையான காரணங்கள். இவற்றோடு சேர்த்து அவர்கள் சொல்லும் இன்னொரு காரணம்தான் என்னை உறுத்துகிறது. அங்கே அலுவலகங்கள் ஒழுங்காக வேலை செய்தன. பதிவேடு சரியாக இருந்தது. காவல்துறை உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தது. ரயில்வே வண்டிகளை ஓட்டியது, அதற்குப் பணமும் வாங்கியது. பெரும்பாலானவர்களுக்கு யூதர்கள் மேல் தனிப்பட்ட வெறுப்பு இருந்திருக்காது. பதினைந்து ஆண்டுக்கு முன் அந்த மைதானத்தில் கைதட்டியவர்கள்கூட அவர்களில் இருந்திருக்கலாம். தங்கள் மேசைக்கு வந்த வேலையை முடித்தார்கள், அவ்வளவுதான்.

“பாவம், அவர்களால் வேறு என்ன செய்திருக்க முடியும்?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதே நாட்டில், அதே காலத்தில் வேறு மாதிரி நடந்தவர்களையும் பார்ப்போம்.

டோலியன் ஷூர்மன் என்று ஒரு ஓட்டக்காரி. 1932இல் பெண்கள் 100 மீட்டரில் உலக சாதனை படைத்தவர். யூதர் அல்ல. 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போக மறுத்துவிட்டார். நாஜி ஆட்சியின் மேல் அவருக்கிருந்த எதிர்ப்புதான் காரணம். ஒரு விளையாட்டு வீராங்கனைக்கு ஒலிம்பிக்கை விடுவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1928 டச்சு குத்துச்சண்டை அணியில் பென் பிரில் என்ற பதினாறு வயது யூதப் பையன் இருந்தான். அவரும் பெர்லினுக்குப் போகவில்லை. பின்னால் பெர்கன்-பெல்சன் முகாமிலிருந்து உயிரோடு மீண்டு, ஒலிம்பிக்கிலேயே நடுவராக இருந்தார். அதே 1928 அணியில் இருந்த சாம் ஒலை என்பவர் போர்க்காலத்தில் நாஜிகளின் பக்கம் சேர்ந்தார். ஒரே சட்டை போட்டு, ஒரே கொடியின் கீழ் நின்ற இருவர். விளையாட்டு ஒன்றாக்கும் என்ற பேச்சை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

1940 நவம்பர் 26 அன்று லைடன் பல்கலைக்கழகத்தில் கிளெவரிங்கா என்ற சட்டப் பேராசிரியர், தன் யூத ஆசிரியரான மெயர்ஸ் என்பவர் பணிநீக்கம் செய்யப்பட்டதை மாணவர்கள் நிறைந்த மண்டபத்தில் வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். மறுநாள் சிறை. மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல்கலைக்கழகத்தை மூடினார்கள். 1941 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாம் டிராம் தொழிலாளர்கள் உள்ளிட்டோர் யூதர்களைப் பிடித்துக்கொண்டு போனதை எதிர்த்து வண்டிகளை நிறுத்தினார்கள். நகரமே இரண்டு நாள் ஸ்தம்பித்தது. 1943 மார்ச் 27 அன்று சில கலைஞர்களும் மாணவர்களும் போலீஸ் உடையில் போய் ஆம்ஸ்டர்டாம் மக்கள் பதிவேட்டு அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஆபத்து எந்த அறையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பகுதிதான் எரிந்தது. அவர்களில் பன்னிரண்டு பேரை ஜூலை 1 அன்று சுட்டுக் கொன்றார்கள். ஹெலெனாவும் கிளேரகோப்பரும் கொல்லப்பட்டது அதற்கு மறுநாள்.

வீட்டில் மறைத்து வைத்துச் சோறு போட்டவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அப்படி ஒளிந்திருந்து பிழைத்தவர்கள் பதினாறாயிரம் பேர் அளவில். ஆக, செய்ய முடிந்தது. செய்தவர்கள் குறைவு.

பிள்ளைகளே, இதை எழுதக் காரணம் இருக்கிறது. உங்களில் பலர் இன்று தாலுகா அலுவலகத்தில் இருக்கிறீர்கள். காவல்துறையில், வங்கியில், பள்ளியில் இருக்கிறீர்கள். கணினியில் மக்களின் விவரங்களை வரிசைப்படுத்தும் வேலையில் சிலர் இருக்கிறீர்கள். உங்கள் மேசைக்கும் பட்டியல் வரும். பெரும்பாலும் அது நல்ல பட்டியல்தான், யாருக்கோ உதவித்தொகையோ ரேஷனோ கிடைப்பதற்கான பட்டியல். ஆனாலும் ஒரு பெயருக்கு எதிரே நீங்கள் இடும் குறி அந்த மனிதரை எங்கே கொண்டு போய் நிறுத்தும் என்று ஒரு நிமிடம் யோசிப்பது உங்கள் வேலையின் ஒரு பகுதி. “மேலே இருந்து சொன்னார்கள்” என்பது பதில் ஆகாது. வருகைப் பதிவேட்டோடு வாழ்க்கை நடத்திய வாத்தியார் என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது. பதிவேட்டில் இருப்பது எண் இல்லை, ஒரு வீட்டுப் பிள்ளை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெயித்தால் “நம்ம பொண்ணு” என்கிறோம். தோற்ற அன்று “அது என்ன ஆளு, எந்த மதம்” என்று துருவ ஆரம்பிக்கிறோம். நம் குழுக்களிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். யார் என்று சொல்ல விரும்பவில்லை. ஒருவர் நம்மவர் என்பதற்குப் பதக்கத்தைச் சாட்சியாகக் கேட்கிற வரை, பதக்கம் இல்லாதவர்களுக்கு நம்மிடம் இடமில்லை என்றுதான் அர்த்தம். ஆம்ஸ்டர்டாமில் பதக்கம் இருந்தவர்களுக்கே இடமில்லாமல் போனது. பதக்கமே வாங்காத லட்சம் பேரும் அதே ரயில்களில்தான் போனார்கள். அவர்களும் அந்த நாட்டுப் பிள்ளைகள்தானே?

நெதர்லாந்து இதைத் தாமதமாகவேனும் நேருக்கு நேர் பார்த்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரயில்வே 2005இல் மன்னிப்புக் கேட்டது. பிழைத்தவர்களுக்கும் குடும்பங்களுக்கும் இழப்பீடு தரப் பின்னர் ஒப்புக்கொண்டது. 2020 ஜனவரியில் பிரதமர் மார்க் ருட்டே அன்றைய அரசு நடந்துகொண்ட விதத்துக்காக மன்னிப்புக் கேட்டார். 2021இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு நினைவிடம் திறந்தார்கள். ஒரு லட்சத்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பிறந்த தேதி, இறந்தபோது வயது. ஒரு காலத்தில் பிடித்துப் போவதற்காக எடுத்த பட்டியலை இப்போது நினைவில் வைப்பதற்காக எழுதியிருக்கிறார்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1928 ஒலிம்பிக் பற்றிப் பாடம் வரும்போது தியான் சந்தைச் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். கூடவே இரண்டு நிமிடம் ஒதுக்கி இந்த ஐந்து பெண்களையும் சொல்லுங்கள். 316.75 என்ற எண்ணைப் பிள்ளைகள் மறந்தால் பரவாயில்லை. அன்னா, ஸ்டெல்லா, ஹெலெனா, யூடிக், எல்கா என்ற பெயர்கள் நினைவில் நின்றால் போதும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். வகுப்பில் கேள்வி கேட்டதற்கு நான் யாரையும் உட்கார வைத்ததில்லை.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்