நடுக்குவாதமும் மூலிகைச் சூடும்

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்து கலையும் வேளையில், அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்துப் பேசினார். ஊரிலிருந்து வந்து அவருடன் தங்கியிருக்கும் தந்தையாருக்கு நான்கு ஆண்டுகளாக நடுக்குவாதம். மருத்துவர்கள் பார்க்கின்சன் நோய் என்பது இதனையே. சீனநாட்டுச் சூட்டு மருத்துவத்தால் இது தீரும் என்று எவரோ கூறினராம். அதனை நம்பி மாத்திரைகளை நிறுத்திவிடப் பெரியவர் எண்ணுகிறார். "நிறுத்தலாமா?" என்று அன்பர் வினவினார். இவ்வினா வேறு இல்லங்களிலும் எழக்கூடும். ஆதலின் விடையை இங்கு எழுதுகிறோம்.

அம்மருத்துவம் பழமையானதே. மாசிபத்திரி இனத்துச் செடியொன்றின் இலையை உலர்த்தி, இடித்துப் பஞ்சு போலாக்கிச் சுருட்டாகச் சுற்றுவர். அதன் நுனியைக் கனலச் செய்து, தோலில் படாதவாறு குறித்த இடங்களுக்கு அருகே பிடிப்பர். ஜப்பானியர் வழங்கும் 'மொகுசா' என்னும் பெயரே மேனாட்டில் 'மாக்ஸா' ஆயிற்று. சீனத்து மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பெற்ற கல்லறையிலிருந்து 1973இல் கிடைத்த பட்டுச் சுவடிகள் இம்முறையைக் கூறுகின்றன. 1689இல் நெடும்பயணம் புறப்படுமுன் முழங்காலுக்குக் கீழே இச்சூட்டை இட்டுக்கொண்டதாக ஜப்பானியக் கவிஞர் பாஷோ குறித்துள்ளார்.

ஆயினும் பழமை வேறு, நோய் தீர்க்கும் ஆற்றல் வேறு. நடுங்குவது கையாயினும் கேடு மூளையில் உள்ளது. அங்கே டோபமின் என்னும் பொருளைத் தரும் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. அக்குறையை ஓரளவு ஈடு செய்வதே லெவோடோபா மாத்திரையின் பணி. தோலின்மேல் இடும் வெப்பம் அவ்வணுக்களை மீட்கும் என எவரும் மெய்ப்பித்திலர். இறுகிய தசை சற்றுத் தளர்தலும் மனம் ஆறுதல் பெறுதலும் கூடும், அவ்வளவே.

மாத்திரையைத் திடீரென நிறுத்துதலோ பேராபத்து. உடல் விறைத்து, கடுங்காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஊறு நேரலாம். சூட்டைத் தாமே இட்டுக்கொள்வதும் தகாது. நடுங்கும் கையில் கனல் நிலைத்து நில்லாது. முதியோர் தோல் மெல்லியது. நீரிழிவும் உடையவராயின் தீப்புண் எளிதில் ஆறாது.

பெரியவர் மாத்திரையை வெறுத்ததன் காரணத்தையும் உசாவினோம். அடுத்த வேளை மருந்துக்கு முன்னரே வலு குறைந்து, பாதம் தரையில் ஒட்டிக்கொள்கிறதாம். இது மருந்து தோற்றதன் அடையாளமன்று. நரம்பியல் மருத்துவரிடம் இதனைச் சொன்னால், வேளையையும் அளவையும் மாற்றித் தருவார். பருப்பு, பால், இறைச்சி முதலிய புரத உணவுடன் மாத்திரையை உட்கொண்டால் சிலருக்குப் பயன் குறைவதும் உண்டு. அதனையும் கேட்டறிதல் வேண்டும்.

எந்த நேரத்தில் கால் தளர்கிறது, எப்போது கை நடுங்குகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்து, அத்தாளுடன் மருத்துவரிடம் செல்லுமாறு அன்பருக்குக் கூறினோம். வெந்நீர் ஒத்தடம் பெரியவருக்கு இதமாயிருப்பின், இல்லத்தார் தம் கையில் சூடு பார்த்து இடலாம். மாத்திரை மட்டும் வேளை தவறலாகாது.