படத்தில் என்ன தமிழ் கதைக்கினம்?

எங்களைப் பற்றி ஒரு படமோ தொடரோ வந்தால் எங்கட பெடியள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: ஆதரவா, எதிரா? 2021 ஜூனில் ‘தி ஃபேமிலி மேன்’ சீசன் 2 வந்தபோதும் இதே கேள்விதான். வருவதற்கு முன்னமே தமிழ்நாட்டு அரசு தடை கேட்டு ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதியிருந்தது. முகநூலில் பாதிப்பேர் பார்க்காமலே திட்டினார்கள், மீதிப்பேர் பார்த்துவிட்டுத் திட்டினார்கள்.

நான் ஒன்பது எபிசோட்டையும் இரண்டு இரவில் பார்த்து முடித்தேன். அரசியலை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொல்கிறேன், முதல் சில எபிசோட்டில் சென்னையில் ஒரு மில்லில் வேலை செய்கிற ராஜியைக் காட்டுகிற இடங்கள் உண்மையிலேயே நல்லாயிருக்கு. பஸ்ஸில் ஒருத்தன் இடிக்கிறான், வேலையிடத்தில் மேலாளர் தொந்தரவு கொடுக்கிறான், அவள் வாயைத் திறக்கிறதே இல்லை. சமந்தா அந்த மௌனத்தை நல்லாச் செய்திருக்கிறார் (முகத்தைக் கறுப்பாக்கியது யாருடைய யோசனையோ தெரியாது, அது அசிங்கம்). பிரச்சினை அவள் வாய் திறந்த பிறகுதான் தொடங்குகிறது. கட்டளை, சபதம், பழிவாங்கல். இதைவிட வேறு எதுவும் அவளுக்குக் கதைக்கக் கிடைக்கவில்லை. ஒரு தரமாவது “இண்டைக்கு என்ன கறி?” என்று கேட்டாளோ என்றால், அப்படி ஒரு வசனம் என் காதில் விழவில்லை.

அதற்குப் பிறகுதான் வீட்டில் படம் பார்க்கும்போது கண்ணைவிடக் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். இந்தப் படம் யார் பக்கம் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எடுத்தவர் எங்கட ஆக்கள் கதைப்பதை எப்போதாவது உட்கார்ந்து கேட்டிருக்கிறாரா? அதுதான் எனக்கு முதல் கேள்வி.

இந்தக் காதோடு பார்த்தால் சில படங்கள் இடம் மாறிவிடும். 2025 மே மாதம் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை எங்கட வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். அம்மா அழுதா, நானும் கொஞ்சம். பொருளாதார நெருக்கடியில் படகேறி ராமேஸ்வரம் போகிற குடும்பம். இந்தியாவில் வாயைத் திறந்தால் பிடிபட்டுவிடுவோம் என்கிற பயம். இது நிஜமான பயம். சென்னைக்குப் போன எங்கட ஆக்களிடம் “நீங்க கேரளாவா?” என்று கேட்காத ஆட்டோக்காரர் குறைவு. ஆனால் பேச்சே கதையின் முடிச்சாக இருக்கிற படத்தில் பேச்சு சறுக்கக் கூடாது. சசிகுமாரின் வாயில் அடிக்கடி மதுரை எட்டிப் பார்க்கிறது. ‘ஓம்’, ‘கதைக்கிறது’ எல்லாம் தாளிதத்துக்குக் கறிவேப்பிலை போடுகிற மாதிரி மேலால் தூவப்பட்டிருக்கிறது. மனசுக்குப் பிடித்த படம், காதுக்கு அரைவாசிதான்.

இதற்கு 25 வருசம் முன்னம் வந்த ‘தெனாலி’ வெறும் பகிடிப் படம். ஆனால் கமல், பி.எச். அப்துல் ஹமீதிடம் கேட்டுப் பழகிக்கொண்டு கதைத்தார். பகிடிக்கே அவ்வளவு மெனக்கெட்டவர்கள் இருந்திருக்கிறார்கள்.

இன்னொரு விசயம். தமிழ்நாட்டுப் படங்களுக்கு ‘இலங்கைத் தமிழ்’ என்றால் ஒன்றே ஒன்றுதான், அதுவும் யாழ்ப்பாணத்தார் கதைப்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறது. திருகோணமலைக்கு வந்து மூதூர் போகிற லாஞ்சுக்குக் கொஞ்ச நேரம் காத்து நில்லுங்கோ. மட்டக்களப்புப் பக்கத்து அக்கா ‘மனே’ என்று இழுத்துக் கூப்பிடுவா. மூதூர்க்காரப் பிள்ளை ‘வாப்பா’வுக்குப் போன் எடுக்கும், ‘காக்கா’விடம் காசு கேட்கும். மத்திய வீதியில் கடை வைத்திருக்கிற சிங்கள முதலாளி ஒரு வகைத் தமிழில் விலை சொல்லுவார், அதுவும் எங்கட ஊர்த் தமிழ்தான். இதில் ஒன்றையாவது சினிமாவில் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை. மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) இலங்கையில் எடுத்த படமே இல்லை. அதில் நந்திதா தாஸின் முகம் எனக்குப் பிடிக்கும், அதுக்கு மேல சொல்ல ஒன்றும் இல்லை.

‘தீபன்’ வேற மாதிரி. 2015இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய படம், எடுத்தவர் ஜாக் ஓடியார் என்ற பிரெஞ்சுக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கதாநாயகன் ஷோபாசக்தி, அல்லைப்பிட்டியில் பிறந்து வளர்ந்த எழுத்தாளர். தெரியாத மொழியைத் தெரிந்த ஆளிடம் விட்டுவிட்டார், அதனால் அந்த வாய் பொய் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் தெரியாத மூன்று பேர் செத்தவர்களின் பாஸ்போர்ட்டில் ஒரு குடும்பமாக நடித்துப் பிரான்சுக்குப் போகிறார்கள். சமைக்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், வெள்ளைக்காரர் எதுக்குச் சிரிக்கினம் என்று விளங்காமல் முழிக்கிறார்கள். கடைசியில் வருகிற துப்பாக்கிச் சண்டை எனக்குப் பிடிக்கவில்லை. எங்கட ஆள் எண்டா கடைசியில் ஆயுதம் தூக்கத்தான் வேணுமோ?

நான் இதுவரை பார்த்ததில் முதலிடம் கொடுக்கிறது பிரசன்ன விதானகேயின் ‘ஒப நத்துவ ஒப எக்க’வுக்குத்தான் (2012). சிங்களத்தில் ‘நீயில்லாமல், உன்னோடு’ என்று அர்த்தம். மலைநாட்டில் அடகுக்கடை வைத்திருக்கிற சரத்சிறியிடம் நகை அடகு வைக்க வருகிறாள் செல்வி. கலியாணம் கட்டுகிறார்கள். அவன் முன்னாள் ஆமிக்காரன் என்று பிறகுதான் அவளுக்குத் தெரியவருகிறது. மூலக்கதை தஸ்தயெவ்ஸ்கியுடையது. ஆனால் எனக்குப் பிடித்தது அந்த வீட்டு டிவி. அவனுக்கு மல்யுத்தம் பார்க்க வேணும், அவளுக்கு விஜய் படம் என்றால் உயிர். நடந்த யுத்தம் முழுக்க அந்த ஒரு அறைக்குள் வந்து இருக்கிறது, குண்டுச் சத்தம் இல்லாமல். செல்வி தமிழில் இருக்கும்போது ஒரு ஆள், சிங்களத்துக்கு மாறினால் வேற ஆள். குரலே சின்னதாகிவிடும். கச்சேரியிலோ பொலிஸிலோ எங்கட அம்மாக்கள் சிங்களத்தில் கதைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எடுத்தவர் சிங்களவர், செல்வியாக நடித்த அஞ்சலி பாட்டீல் இந்தியர். ஆனாலும் யாரோ கவனமாகக் கேட்டிருக்கிறார்கள்.

இந்தப் படத்தை 2014இல் சென்னையில் ஓட விடவில்லை. சிங்கள இயக்குநரின் படம் என்று மிரட்டல் வந்து தியேட்டர்காரர் நிறுத்திவிட்டார்கள். ‘ஆதரவா எதிரா’ என்கிற கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்றதுக்கு இதைவிட உதாரணம் வேணுமா?

சென்னையைத் திட்டிவிட்டு நாங்கள் தப்பவும் ஏலாது. எங்கட தமிழ் டிவிகளில் இரவு நேரம் இந்திய சீரியல்தான். இங்கே போனில் குறும்படம் எடுக்கிற எங்கட பெடியளும், கமரா ஓடத் தொடங்கினதும் ‘மச்சி’, ‘டேய் என்னடா பண்ற’ என்று சென்னைக்குப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் சீரியஸான கதை என்றால் யாழ்ப்பாணத்துக்குப் போகிறார்கள். சொந்த வாயால் கதைத்தால் ஆக்கள் சிரிப்பினம் என்று வெட்கம். வெளியாக்கள் கேட்கவில்லை என்று முறைப்பாடு வைக்கிற நாங்களே கேட்கிறோமோ?

போன மாதம் இணையத்தில் ஒரு பழைய படம் தேடிப் பார்த்தேன், ‘ரன்முத்து தூவ’ (1962). முதலாவது முழுநீளச் சிங்கள வண்ணப்படம், எடுத்த இடம் எங்கட கடல். இயக்கியவர் மைக் வில்சன், ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி. இரண்டு பேரும் 1956இல் சாமிமலைக்குக் கீழே முங்கி, பழைய கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டவர்கள். (வில்சன் பிறகு காவி கட்டிச் சுவாமி சிவகல்கி ஆகிவிட்டார், அது தனிப் படமாக எடுக்கவேண்டிய கதை.) கதை சாதாரணப் புதையல் கதைதான். ஆனால் கடலுக்கு அடியில் எடுத்த காட்சிகளைப் பாருங்கோ. நான் சின்ன வயசிலிருந்து மேலால் மட்டும் பார்த்த தண்ணி, உள்ளே அப்படி ஒரு நிறம். டிவிக்குக் கிட்டப் போய் இருந்து பார்த்தேன்.

அவ்வளவு அழகான படத்தில் எங்கட ஊர் கதைக்கிறது சிங்களம் மட்டும்தான். அதில் கதாநாயகன் காமினி பொன்சேகா. அவர் 1995இல் வடக்கு கிழக்கு மாகாண ஆளுநராகத் திருகோணமலைக்கே வந்து மூன்று வருசம் இருந்தார். கந்தோருக்குப் போகிற வழியில், கார்க் கண்ணாடியை இறக்கினால் லாஞ்சடியில் ஆக்கள் கதைக்கிறது அவருக்குக் கேட்டிருக்கும்.