கூட்டிக் கேட்கவில்லை, பார்த்துப் போடுங்கள்

கால்பந்து வீடியோ கேம்களின் வீரர் ரேட்டிங் குறித்துத் தூத்துக்குடி ரசிகர்களின் கோரிக்கைச் சாசனம்

கால்பந்து கேம் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், இந்தியன் சூப்பர் லீக் கிளப்புகளுக்கும், அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும்:

சாயங்காலம் தருவை மைதானத்தில் பந்து உதைத்துவிட்டு, இருட்டியபின் கைப்பேசியிலும் கன்சோலிலும் அதே ஆட்டத்தைத் தொடர்கிறவர்கள் நாங்கள். திரேஸ்புரம், இனிகோ நகர், துறைமுகக் குடியிருப்பு என்று எல்லாப் பக்கமும் இருக்கிறோம். 2021-ல் வந்த ஃபிஃபா 22-ல் இந்தியன் சூப்பர் லீக் முதன்முறையாக இடம்பெற்றது. சென்னையின் எஃப்சியின் நீலச் சட்டையைத் திரையில் பார்த்த சந்தோஷம், வீரர்களின் எண்களைத் திறந்து பார்க்கும் வரைக்கும்தான்.

இந்திய வீரர்கள் பெரும்பாலும் ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் நிற்கிறார்கள். அது குறைவு என்பதல்ல எங்கள் புகார். ஐரோப்பாவின் முன்னணி வீரர்கள் எண்பதைத் தாண்டி நிற்கும் அளவுகோலில் நம்மவர்களின் இடம் அதுதான்; மறுக்கிறவர் நேற்றுதான் கால்பந்து பார்க்கத் தொடங்கியிருப்பார். ஆனால் ஒரு விங்கருக்கும் அடுத்த விங்கருக்கும் உள்ள வித்தியாசம் அந்த எண்களில் தெரிவதில்லை. பார்க்காமல் போட்ட மார்க் எப்போதும் நடுவில்தான் குவியும்.

மைக்கேல் சூசைராஜை எடுத்துக்கொள்ளுங்கள். குமரிக் கடற்கரையில் இரவிபுத்தன்துறைக்காரர், இடதுகால் ஆட்டக்காரர். சென்னை சிட்டி அணிக்காக 2017-18 ஐ-லீக்கில் ஆடியபோது சிறந்த நடுக்கள வீரர் விருது வாங்கினார். பிறகு ஜாம்ஷெட்பூர், அதன்பின் ஏடிகே. 2019-20-ல் ஏடிகே அணி இந்தியன் சூப்பர் லீக் கோப்பையும் வென்றது. 2020 நவம்பர் 20 அன்று, புது சீசனின் முதல் ஆட்டத்தில், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராகத் தொடக்கத்திலேயே முழங்காலில் காயம். சீசனே போய்விட்டது. இப்படிப்பட்ட ஒருவருக்கு முடுக்கத்துக்கும் திரும்பும் வேகத்துக்கும் எவ்வளவு போடுவது? காயத்துக்கு முன்னும் பின்னும் ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்தவரைத் தவிர யாராலும் சொல்ல முடியாது.

மதிப்பீடு இந்தக் கரைக்குப் புதிய தொழில் அல்ல. இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் எடுத்த முத்தை வியாபாரிகள் இருபது துளை முதல் ஆயிரம் துளை வரையிலான பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பார்த்தார்கள். பிறகு உருட்சியையும் ஒளியையும் கண்ணால் பார்த்து, ஆணி முதல் தூள் வரை தரம் பிரித்தார்கள். மஞ்சாடி எடையை வைத்துச் செவ்வு என்னும் மதிப்பலகைக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் இரண்டு மடங்கு எடையுள்ள ஒற்றை முத்துக்கு மதிப்பு நான்கு மடங்கு. வீரனுக்கும் அப்படித்தான். ஒரே ஒரு அபூர்வத் திறமை உள்ளவனையும் எல்லாவற்றிலும் சுமாரானவனையும் சராசரி எடுத்து ஒரே எண்ணில் நிறுத்தினால், அது கணக்கே அல்ல.

ஆகவே நாங்கள் கேட்பது:

முதலாவது, ஒவ்வொரு ரேட்டிங்கும் எத்தனை ஆட்டம் பார்த்துப் போடப்பட்டது என்று காட்டுங்கள். ஃபிஃபா 22-ஐத் தயாரித்த ஈஏ நிறுவனம் உலகெங்கும் தன்னார்வப் பார்வையாளர்களிடம் கருத்து வாங்கித்தான் எண்களைத் திருத்துகிறது. ஃபுட்பால் மேனேஜரும் ஆட்டத்தை நேரில் தொடர்ந்து பார்க்கிறவர்களை வைத்துத்தான் 1 முதல் 20 வரை மார்க் போடுகிறது. 2008-ல் எவர்டன் கிளப் புது வீரர்களைத் தேட அந்தத் தரவுத்தளத்தையே பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது. நிஜக் கிளப் நம்புகிற அளவுக்கு ஒரு கேமின் பட்டியல் தேறுமென்றால், அந்தக் கவனத்தை எங்கள் பக்கமும் திருப்பலாம். தமிழ்நாட்டு ஆட்டங்களுக்கு இங்கேயே பார்வையாளர்களை வையுங்கள். குமரி, தூத்துக்குடி கரையூர்களில் அதற்கு ஆள் பஞ்சமில்லை. வேலை வாங்கினால் கூலியும் கொடுங்கள். தன்னார்வம் என்ற பெயரில் எத்தனை காலத்துக்கு?

இரண்டாவது, சீசன் நடுவிலும் எண்கள் மாறட்டும். 2023 ஆகஸ்ட் 12 அன்று டூராண்ட் கோப்பையில், மோகன் பகானுக்கு எதிராக நம் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. வருடக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்த டெர்பி அது. அந்த மாதத்தில் அவர் ஓடிய ஓட்டம் அடுத்த ஆண்டுப் பதிப்பு வரை காத்திருக்க வேண்டுமா? சூடாக ஆடும்போது ஏற்றுங்கள், சோர்ந்தால் இறக்குங்கள். எங்கள் ஊர்க்காரர் என்பதற்காக இறக்கக் கூடாதென்று சண்டைக்கு வரமாட்டோம்.

மூன்றாவது, பெயருக்கு மார்க் போடாதீர்கள். 2014-ல் சென்னையின் எஃப்சிக்கு பிரேசிலின் எலானோ, இத்தாலியின் நெஸ்டா இருவருமே வந்தார்கள். புகழுக்கு மட்டும் மார்க் போட்டிருந்தால் உலகக் கோப்பை வென்ற நெஸ்டாதான் மேலே நின்றிருப்பார். ஆனால் 8 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கியது எலானோ. நெஸ்டாவோ அந்த சீசனில் சில ஆட்டங்கள்தான் ஆடினார். வயதையும் பெயரையும் பார்த்துச் சொல்கிற தீர்ப்பு, ஏற்றினாலும் இறக்கினாலும், ஊகம்தான்.

நான்காவது, வெக்கையைக் கணக்கில் எடுங்கள். சென்னை நேரு மைதானத்தில் கடற்காற்றின் புழுக்கத்தில் எழுபதாவது நிமிடத்தில் கால் இழுப்பதும், மான்செஸ்டரின் குளிரில் அதே நிமிடத்தில் ஓடுவதும் ஒன்றல்ல. ஸ்டாமினா எண் மைதானத்தைப் பொறுத்துக் கரைய வேண்டும்.

பெண்கள் அணிகள் தனியாகச் சொல்ல வேண்டியவை. மதுரையின் சேது எஃப்சி 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. எங்கள் தங்கைகள் அந்த அணியைத் தேர்ந்தெடுத்து ஆட ஒரு வழி செய்யுங்கள். ஆண்கள் பட்டியலைச் சரிசெய்த பிறகு பார்க்கலாம் என்ற பதில் வேண்டாம்.

இன்னொன்று சின்னது. தமிழ்ப் பெயர்களில் பின்னால் வருவது பல நேரம் அப்பா பெயர். அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டால், கோல் அடிப்பது மகன், ஸ்கோர் பலகையில் வருவது தகப்பன். கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கிளப்புகளும் சம்மேளனமும் சும்மா இருக்க முடியாது. வீரர் ஓடிய தூரம், உச்ச வேகம், ஆடிய நிமிடம் ஆகியவற்றைப் பொதுவில் வெளியிடுங்கள். தரவு கொடுக்காமல் வெளிநாட்டுக் கம்பெனி சரியாக மார்க் போடவில்லை என்று குறைபடுவதில் நியாயமில்லை.

இவை எதுவும் உடனே நடக்காதென்றால், கைப்பேசிப் பதிப்பில் ஆஃப்லைன் ஆட்டத்துக்காவது எண்களைத் திருத்தும் வசதி கொடுங்கள். பழைய ப்ரோ எவல்யூஷன் சாக்கரில் அது இருந்தது. கணினி வைத்திருப்பவன் எடிட்டர் போட்டுச் சமாளிக்கிறான். கைப்பேசி மட்டும் வைத்திருப்பவனுக்குக் கொடுத்ததே கதி.

இந்தச் சாசனத்தில் கையெழுத்துப் போட வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையெழுத்து மட்டும் போதாது. ஏதாவது ஒரு ஆட்டத்தைத் தொண்ணூறு நிமிடமும் பார்த்து, ஒரு வீரரைப் பற்றி நான்கு வரி எழுதிக் கூடவே இணையுங்கள். உங்கள் தெருப் பையனாக இருந்தால் அவனுடைய குறையையும் எழுதுங்கள்.