பசியோடு விளையாடலாமா?

பசி வயிற்றில் மட்டும் இருப்பது அல்ல. அது மூளையையும் பிடித்து ஆட்டும். இதற்கு அமெரிக்க வாலிபர்கள் 36 பேர் சாட்சி.

இரண்டாவது உலகப்போர் நடந்த சமயம். ஐரோப்பாவில் ஏராளமான ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். போர் முடிந்ததும் அவர்களுக்கு என்ன சாப்பாடு கொடுத்துத் தேற்றுவது? எவ்வளவு கொடுப்பது? டாக்டர்களுக்கே சரியாகத் தெரியவில்லை.

மின்னசோட்டா சர்வகலாசாலையில் இருந்த ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, இதைக் கண்டுபிடிக்க 1944-ம் ஆண்டில் ஆள் சேர்த்தார். ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று ராணுவத்தில் சேர மறுத்த வாலிபர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். எல்லோரும் நல்ல திடகாத்திரமான பிள்ளைகள்.

முதல் 12 வாரம் வயிறு நிறையச் சாப்பாடு. அடுத்த 24 வாரம் அதில் ஏறக்குறைய பாதிதான். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, ரொட்டி, மாக்கரோனி. அதுவும் இரண்டே வேளை. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும்.

உடல் எடையில் கால் பங்கு போய்விட்டது. கன்னம் ஒட்டியது. எலும்பு தெரிந்தது. இது ஆச்சரியம் அல்ல. மனம் மாறியதுதான் ஆச்சரியம்!

எந்த நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையலே தெரியாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். கொஞ்சம் ரொட்டியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து தின்றார்கள். சிரிப்பு போயிற்று, சிடுசிடுப்பு வந்தது. சிலருக்குத் தாங்கள் மெலிந்திருப்பதே தெரியவில்லை. எதிரே வந்த சாதாரண மனிதர்கள்தான் குண்டாகத் தெரிந்தார்கள்!

பட்டினி முடிந்தது. சாப்பாடு வந்தது. பசி தீர்ந்ததா? இல்லை. வயிறு வெடிக்கும் அளவு தின்றுவிட்டும், "இன்னும் பசிக்கிறது" என்று சிலர் சொன்னார்கள்.

இவர்கள் மனநோயாளிகள் அல்ல. சாப்பாட்டைக் குறைத்ததே இத்தனையையும் கொண்டுவந்தது. மெலிய வேண்டும் என்று சாப்பாட்டை ஒதுக்கும் பெண்களிடம் டாக்டர்கள் காண்பதும் அநேகமாக இதே அடையாளங்கள்தான். அந்த நோய்க்கு "அனோரெக்சியா நெர்வோசா" என்று பெயர். லண்டன் டாக்டர் வில்லியம் கல் வைத்த பெயர் அது; அவருடைய கட்டுரை 1874-ல் வெளிவந்தது. ஆண் பிள்ளைகளுக்கும் இது வருவது உண்டு. மரண ஆபத்து அதிகம் உள்ள மனநோய்களில் இதுவும் ஒன்று. (ஏகாதசிக்கு ஒரு நாள் பட்டினி இருப்பது வேறு, இது வேறு.)

இந்த நோய் வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் தள்ளி வைப்பது எண்ணெயையும் நெய்யையும்தான். "கொழுப்புதானே! போனால் போகட்டும்" என்று வீட்டில் உள்ளவர்களும் சும்மா இருந்துவிடுகிறார்கள். இங்கேதான் தவறு நடக்கிறது.

கொழுப்பு வெறும் விறகு மாதிரி, உடம்புக்குச் சூடு கொடுப்பதோடு சரி என்று ஒரு காலத்தில் விஞ்ஞானிகளும் நினைத்தார்கள். அதைப் பொய்யாக்கியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்று பெயர். அவர்கள் வேலை செய்ததும் அதே மின்னசோட்டா சர்வகலாசாலையில்தான். கொழுப்பே இல்லாத தீனியை எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது. வளர்ச்சி நின்றது. கடைசியில் செத்தும் போயின. கொழுப்பில் உள்ள லினோலிக் அமிலத்தைச் சில சொட்டுகள் கொடுத்ததும் நோயுற்ற எலிகள் தேறின! 1929-லும் 1930-லும் இதை வெளியிட்டார்கள். இந்த அமிலத்தை உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். நல்லெண்ணெயில் இது நிறைய இருக்கிறது.

பசியை அடக்குவதிலும் கொழுப்புக்குப் பங்கு உண்டு. எண்ணெய் குடலுக்குள் போனதும் கொழுப்பு அமிலங்களாகப் பிரிகிறது. அவை குடலின் சுவரைத் தொட்டதும் ஒரு ரசம் சுரக்கிறது. அதன் பெயர் நீளம். டாக்டர்கள் சுருக்கமாக சி.சி.கே. என்பார்கள். அந்த ரசம் இரைப்பை காலியாவதை மெதுவாக்குகிறது. நரம்பு வழியாக மூளைக்கு "போதும்" என்று சேதியும் அனுப்புகிறது. எலிகளுக்கு இந்த ரசத்தை ஊசி மூலம் செலுத்தினால் குறைவாகத் தின்கின்றன என்று 1973-ல் அமெரிக்காவில் கண்டார்கள்.

ஆகவே, எண்ணெயை அடியோடு நிறுத்துகிறவர் "போதும்" என்று சொல்லும் தூதர்களில் ஒருவரை வீட்டை விட்டு விரட்டுகிறார்.

அதற்காக வடையும் பஜ்ஜியும் தினம் தின்னச் சொல்லவில்லை. ஒரு கிராம் மாவுப்பண்டத்தில் 4 கலோரி என்றால், ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. அளவு மீறினால் உடம்பு பெருக்கும். அதுபோல, மீன் எண்ணெய் மாத்திரை இந்த நோயைத் தீர்க்கும் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். பரிசோதனைகளில் அப்படித் தெளிவாக நிரூபணம் ஆகவில்லை.

வீட்டில் ஒரு பெண், தோசைக்குச் சொட்டு எண்ணெய் விட்டாலும் அழுகிறாள். எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட மறுக்கிறாள். மெலிந்துகொண்டே போகிறாள். மாதவிலக்கு நின்றுவிடுகிறது. அப்போது, "திமிர்" என்று திட்டிப் பயன் இல்லை. "ஒல்லியாக அழகாக இருக்கிறாய்" என்று புகழ்வது அதைவிட மோசம்! டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். மனநல டாக்டரிடம் போகவும் வெட்கப்படக் கூடாது.

பயந்துபோய் ஒரே நாளில் வாயில் திணிப்பதும் கூடாது. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால், ரத்தத்தில் உள்ள உப்புகள் தாறுமாறாகி இருதயமே நின்றுவிடலாம். டாக்டர் கண்காணிப்பில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். ஆனால், கூட்டிய பிறகு தாராளமாகவே கொடுக்க வேண்டியிருக்கும். மின்னசோட்டா வாலிபர்கள் தேறுவதற்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 4,000 கலோரி, அதுவும் பல மாதங்கள் தேவைப்பட்டது.